கட்டிய கை

சுகாசினிக்கு இங்கிலீஷ் வந்தது என் கையால். பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் நாங்கள் இருவரும் புடவை எடுத்துப்போடுகிறவர்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு செல்போனில் லைவ் காட்டி விற்கப் போவதாகவும், உட்கார்ந்து இங்கிலீஷில் பேச ஒரு பெண் வேண்டும் என்றும் மேனேஜர் கோதண்டபாணி சொன்னார். நாள் முழுக்க நின்று கால் வீங்குகிற எங்களுக்கு அது பெரிய வாழ்வு. "யாருக்குக் கெடச்சாலும் சரி, ரெண்டு பேரும் சேர்ந்தே படிக்கலாம்" என்று சுகாசினி என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

சொற்கள் எங்களை மிரட்டவில்லை. அவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அப், ஆஃப், அவுட்தான் உயிரை எடுத்தன. 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் அப்' என்றால் விட்டுவிடு. இதற்கும் அதற்கும் என்ன உறவு என்று யூடியூப் வாத்தியார் கடைசிவரை சொல்லவில்லை, நன்றாகச் சிரித்தார்.

நான்தான் வழி கண்டுபிடித்தேன். எங்கள் கைக்குத் தெரிந்த வேலையோடு ஒவ்வொன்றையும் முடிச்சுப் போட்டேன். புடவையை மேசைமேல் விரித்தால் 'லே அவுட்'. வாங்க வந்தவர்கள் 'அப்புறம் பார்க்கலாம்' என்றதை ஓரமாக நகர்த்தினால் 'புட் ஆஃப்'. வேண்டாம் என்று தள்ளிய புடவையை மறுபடி எடுத்து நீட்டிவிடக் கூடாதென்று அதன் முந்தானையை உள்ளே மடித்து வைப்போம். அது 'டர்ன் டவுன்'. சரக்குத் தீர்ந்த அலமாரியை உள்ளங்கையால் தடவினால் 'ரன் அவுட்'. கை அசைந்தால் வாய் தானாகப் பேசியது. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் நான் கையை அசைப்பேன், சுகாசினி சொல்வாள். தப்பினால் கிள்ளுவேன்.

"நீ இல்லன்னா எனக்கு ஒண்ணும் ஏறாது அம்சா" என்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். மடச்சி நான்.

தேர்வு அன்று அவள் முதலில் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே வந்தாள். அடுத்து நான். மேசைமேல் மாம்பழக் கலர் புடவை ஒன்று இருந்தது. என் கை அதற்குப் போனது.

"அதத் தொடாதமா. கையக் கட்டிக்கினு பேசு" என்றார் கோதண்டபாணி.

"ஏன் சார்?"

"லைவ்ல பேசறது ஒருத்தர், பொடவ காட்டறது வேற ஒருத்தர். கையில பொடவ இல்லன்னா உனக்கு வார்த்தயே வராதாமே? சுகாசினிதான் சொல்லிச்சு. கையக் கட்டச் சொல்லிப் பாருங்கன்னுச்சு."

கட்டினேன். அவ்வளவுதான். படித்ததெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வெளியே வந்து அவளைப் பிடித்தேன். "இன்னாடி சொல்லி வச்ச அவர்கிட்ட?"

"உள்ளதத்தான் சொன்னேன். பொய்யா சொன்னேன்?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல் துப்பட்டாவில் ஊக்குக் குத்திக்கொண்டே. அழுதிருந்தால்கூட மன்னித்திருப்பேன். கூடப் பிறந்தவளைப் போல நினைத்தவள் இப்படிக் கழுத்தறுப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நாற்காலி அவளுக்கு. பக்கத்தில் நின்று புடவை காட்டும் வேலை எனக்கு.

முதல் லைவில் நன்றாகத்தான் பேசினாள். ஆனால் நான் விரிக்க விரிக்க, மடிக்க மடிக்க, அவள் கண் என் கையை விட்டு நகரவில்லை. அப்போதுதான் புரிந்தது. கை இல்லாமல் அவளுக்கும் வராது, தேர்வில் அவளை யாரும் கையைக் கட்டச் சொல்லவில்லை. அது தெரிந்துதான், என்னைத் தள்ளிவிட்டு என் கையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

லண்டனிலிருந்து ஒரு பெண் கிளிப்பச்சை கேட்டாள். அது காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது. சுகாசினி வாயைத் திறந்தாள், மூடினாள், என் பக்கம் திரும்பினாள். கோதண்டபாணி நெற்றியைச் சுருக்கினார்.

காலி அலமாரி எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பழகிய கை, பாதி வழி போய்விட்டது.

அதை இழுத்து, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டேன்.

"அம்சா" என்றாள், போனுக்குக் கேட்காத குரலில். "அம்சா, ப்ளீஸ்டி."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டிய கையை அவிழ்க்கவில்லை.