கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்

தீக்காயப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கு முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் உடை மாற்றும் அறையிலேயே கழன்றுவிடும். அதனால் மதுரையிலிருந்து வந்த ஆய்வுக் குழு கொடுத்த பட்டையை முழங்கைக்கு மேலே, சட்டைக் கைக்குள் கட்டிக்கொண்டார்கள். நாடித் துடிப்பையும் தோலின் சூட்டையும் அது ஓயாமல் கவனிக்கும். தொற்றின் அறிகுறி தென்பட்டால், காய்ச்சல் தெரிவதற்கு முன்பே அதிர்ந்து மஞ்சள் விளக்கைக் காட்டும். செய்தி கட்டியிருப்பவரின் கைப்பேசிக்கு மட்டும் போகும். அதை மற்றவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம்.

ஜெபராணிக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதிர்ந்தது. சாத்தூர் பேருந்தில் வந்து இறங்கி, உடை மாற்றிக்கொண்டிருந்தாள். தொண்டையைக் கனைத்துப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

உள்ளே சின்னத்தாய் காத்திருந்தாள். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டதில் முதுகும் இரண்டு கைகளும் வெந்துபோனவள். மறுநாள் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை. இன்று கட்டுப் பிரித்துப் புண்ணைத் துடைக்க வேண்டும். அதற்கு ஜெபராணியைத் தவிர யாரையும் அவள் கிட்டே விடுவதில்லை. மற்றவர்கள் துணியை இழுத்துவிடுவார்கள். ஜெபராணி உப்புத் தண்ணீரை ஊற்றி, துணி தானாக இளகும்வரை ஏதாவது பேசிக்கொண்டே நிற்பாள்.

கூடவே உடை மாற்றிக்கொண்டிருந்த இளைய செவிலி ஹர்ஷினி பட்டையின் விளக்கைப் பார்த்துச் சிரித்தாள். “கழத்திப் பைக்குள்ள போடுங்கக்கா. நான் இருக்கன்குடிக்கு நடந்துபோய்ட்டு வந்தப்பவும் இப்படித்தான் மஞ்சளு காட்டுச்சு. மாரியாத்தாளக் கும்பிட்டா காய்ச்சலாம்!”

“நான் எங்கயும் நடக்கலையே, புள்ள.”

“சபையில விடிய விடிய ஜெபம் பண்ணியிருப்பீக.”

“நல்லாத் தூங்கினேன்.”

மூக்கில் சளி எடுத்துச் சோதித்தார்கள். தொற்று இல்லை என்றது சோதனை. டாக்டர் ராஜபாண்டியன் முடிவைப் பார்த்துவிட்டு, “ஆரம்பத்துல இதுல தெரியாமலும் போகும். ஆனா ஆள் இல்லையே, சிஸ்டர். ரெண்டு மாஸ்க் போட்டுட்டுப் போறதுன்னா போங்க. உங்க இஷ்டம்” என்றார்.

யாரும் அவளைத் தடுக்கவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. தோல் இல்லாத உடம்புக்குச் சாதாரணச் சளியே போதும். போன மாதம் ஓரக் கட்டிலில் தேறிக்கொண்டிருந்தவர் நெஞ்சுச் சளி கண்டு, மூச்சுத் திணறி இறந்துபோனார். யார் கொண்டுவந்த கிருமி என்று கடைசிவரை தெரியவில்லை. ஒவ்வொருவரும் நாமாக இருக்குமோ என்று நினைத்தார்கள், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

“நீ செய், ஹர்ஷினி. நான் வெளிய நின்னு பேசுறேன்” என்றாள் ஜெபராணி.

“உங்களுக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஹர்ஷினி கையைக் கழுவப் போனாள். அவளுக்கு அன்று இன்னும் ஆறு கட்டில்கள் இருந்தன.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ஜெபராணி கைப்பேசியில் பேசினாள். உள்ளே அது ஒலிபெருக்கியில் கட்டிலருகே கேட்டது.

“சின்னத்தாயி, நான் இங்கனதான் நிக்கேன்.”

“அங்கன நின்னு என்ன செய்யப் போறீக? உள்ள வாங்க.”

“எனக்கு உடம்பு சரியில்லாம இருக்கலாம்னு...”

“இருக்கலாமா? நல்லாக் குத்துக்கல்லு மாதிரித்தான நிக்கிறீக!”

ஹர்ஷினி தண்ணீர் ஊற்றினாள். “இன்னும் ஊத்து, இழுக்காத” என்றாள் ஜெபராணி. கொஞ்ச நேரம் பொறுத்த ஹர்ஷினி துணியின் ஓரத்தைத் தூக்கினாள். சின்னத்தாய் அலறினாள். தோள்பட்டையில் ரத்தம் கசிந்தது. ஜெபராணியின் கை கதவின் பிடிக்குப் போனது. பிடித்தபடியே நின்றாள், தள்ளவில்லை.

“சின்னத்தாயி, மெதுவா மூச்ச விடு...”

“பேசாதீக! வர்றதுன்னா வாங்க. இல்லன்னா அந்தப் போன அமத்துங்க.”

ஜெபராணி அமர்த்தினாள்.

அன்றே விடுப்பு சொல்லிவிட்டுப் போய் வீட்டில் இருந்த நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை, இருமல்கூட இல்லை. மறுபடி எடுத்த சோதனையும் இல்லை என்றே சொன்னது. பட்டை வெள்ளிக்கிழமை பச்சைக்குத் திரும்பியது. உடம்புக்குள் எதுவும் வந்து போனதா, இயந்திரம் பிசகியதா என்று ஆய்வுக் குழுவாலும் சொல்ல முடியவில்லை. சின்னத்தாய்க்குத் தோல் ஒட்டியாகிவிட்டது. பிடித்துவிடும் என்றே டாக்டர் நம்பினார்.

தோல் ஒட்டியபின் முதல் கட்டுப் பிரிக்கும் நாளில் ஜெபராணி தட்டோடு உள்ளே போனாள். சின்னத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன செஞ்சுச்சு உங்களுக்கு?”

“ஒண்ணும் செய்யல.”

“ஒண்ணும் செய்யலையா? பெறகு எதுக்கு என்னய அந்தப் பாடு படுத்துனீக?”

“ஒண்ணும் செய்யாதுன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாதுல்ல.”

சின்னத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அந்தச் சின்னப் புள்ளையே செய்யட்டும். அதுக்கு இப்பக் கை பழகிருச்சு.”

ஹர்ஷினி சங்கடத்தோடு ஜெபராணியைப் பார்த்தாள். ஜெபராணி ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டாள்; எதிர்ப்பக்கம் போய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.