மாப்பிள்ளைக் குடுவை

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் யாரும் கழுவக் கூடாத குடுவை ஒன்று இருந்தது. அதற்குத் தனி அலமாரி, தனித் துண்டு. உபசாரம் குறையக் கூடாது, முகம் கோணக் கூடாது, குற்றம் சொல்லவே கூடாது என்பதால் ஊழியர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள். தலைமை ஆய்வாளரும் சிரித்துக்கொண்டே அப்படித்தான் கூப்பிடுவார்.

ஆரம்பம் என்னவோ ஒரு கவனக்குறைவுதான். உணவில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க, அதை அமிலத்தில் போட்டுச் சூடாக்கிக் கரைத்துக் கருவிக்குள் செலுத்துவார்கள். கூடவே உணவே போடாமல் வெறும் அமிலத்தையும் அதேபோல் சூடாக்கிச் செலுத்துவார்கள். அதற்கு பிளாங்க் என்று பெயர். அமிலத்திலும் கண்ணாடியிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஈயத்தை அது காட்டிக் கொடுக்கும். அதை உணவின் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். நியாயமான ஏற்பாடு. ஒருநாள் யாரோ, ஈயக் கரைசல் வைத்திருந்த குடுவையைச் சரியாகக் கழுவாமல் பிளாங்குக்கு எடுத்துவிட்டார்கள். உணவைவிட பிளாங்கில் ஈயம் அதிகம். கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே போனது. தேறவே தேறாது என்றிருந்த ஒரு பிஸ்கட் கம்பெனி அன்று அமோகமாகத் தேறியது.

வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து செய்திருப்பார்கள். நம் தலைமை ஆய்வாளரோ குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆசையாகப் பார்த்தார்.

"இதைக் கழுவாதீங்க. தனியா வைங்க," என்றார்.

அதன்பிறகு கம்பெனிக்காரர்கள் வரிசைகட்டி வந்தார்கள். முழுப் பூசணிக்காயை மறைக்க அவருக்குச் சோறுகூடத் தேவைப்படவில்லை, ஒரு கழித்தல் குறி போதுமானதாக இருந்தது. கூட்டங்களில் மாலை போட்டார்கள். உணவுத் தூய்மையைப் பற்றி மேடையில் பேசும்போது அவர் குரல் தழுதழுக்கும். அதில் நடிப்பு கிடையாது என்பதுதான் கொடுமை. கருவி சொன்னதைத்தானே எழுதினோம் என்று மனிதர் மனதார நம்பினார்.

ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் குழந்தை உணவு டப்பாக்கள் மூன்று அடுக்கியிருந்தன. மகள் தன் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். டப்பாவில் 'ஈயம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அவருடைய கையெழுத்தை அச்சடித்திருந்தார்கள்.

"கடையில எத்தனையோ இருந்துச்சுப்பா. உங்க கையெழுத்து இருந்ததைத்தான் தேடி எடுத்தேன்," என்றாள் மகள்.

அவர் ஒரு டப்பாவை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இப்ப குடுக்காதேம்மா. நாளைக்கு லேப்ல ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

"அதான் பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு அவரே அந்த மாவைக் கரைத்தார். உதவி ஆய்வாளரைக் கூப்பிட்டு, "நல்ல பிளாங்க் ஒண்ணு போடுங்க. சுத்தமான குடுவையில," என்றார்.

அந்த அம்மாள் விழித்தாள். "மாப்பிள்ளையில மிஞ்சறதைக் கொட்டற தொட்டியிலதான் சார் எல்லாக் குடுவையையும் ஊறப் போடறோம். சுத்தத் தண்ணி மெஷின் நின்னு ரொம்ப நாளாச்சு. ரிப்பேர் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

இருந்ததில் நல்ல குடுவையாக எடுத்துத் தேய்தேய் என்று தேய்த்துப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவை ஏறியது, ஒரு தடவை இறங்கியது. மாவிலும் ஈயம், பிளாங்கிலும் ஈயம். எது மாவுடையது, எது கூடத்துடையது என்று பிரித்துச் சொல்ல ஒரு வழியும் இல்லை. ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் கூசாமல் சான்று கொடுத்தவருக்கு, சொந்தப் பேரனுக்காக ஒரு உண்மையான எண் கிடைக்கவில்லை. முதல் முறையாக அவர் தன் கருவியைப் பார்த்துப் பயந்தார்.

பாதி வேலையில் வீட்டுக்கு ஓடினார். பசி பொறுக்காமல் குழந்தை வீல் வீலென்று கத்த, மகள் கிண்ணத்தில் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவர் கிண்ணத்தைப் பிடுங்கி, என்ன சொல்வதென்று தெரியாமல், நின்றபடியே முழுவதையும் தானே விழுங்கினார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பேரனுக்குப் போட்டியா?"

மகள் சிரித்தபடி அடுத்த கிண்ணத்துக்கு டப்பாவைத் திறந்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார்.

"வேண்டாம்மா."

"ஏம்ப்பா? உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. அதனாலதான் வேண்டாங்கறேன்."

மனைவியின் சிரிப்பு நின்றது. மகள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"எதிர்வீட்டு அக்கா ஒரு வாரமா இதைத்தான் ஊட்டறாங்க. எங்கப்பா கையெழுத்துன்னு நான்தான் சொன்னேன். வாங்க, நீங்களே வந்து சொல்லுங்க."

"நீயே போய்ச் சொல்லிடேம்மா..."

"சொன்னது நான். போட்டது நீங்க. வாங்கப்பா."

அவள் பின்னாலேயே அவர் தெருவைக் கடந்தார். எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை, அதன் வாயோரமெல்லாம் மாவு. அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க சார், வாங்க. உங்க புண்ணியத்துல, சிந்தாம வழிச்சு வழிச்சுச் சாப்பிடறான்," என்று குழந்தையை அவரிடம் நீட்டினாள்.