கொழுத்த கிளினா

எங்கள் பேச்சில் களிமண்ணுக்குக் கிளினா என்று பெயர். போலீஸ்காரனுக்கும் அதே பெயர்தான்; முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. ஏன் அப்படி வந்தது என்று எவனுக்கும் தெரியாது. இரண்டும் ஒட்டினால் லேசில் விடாது, அது தெரியும்.

செங்கல் சூளையில் எங்களோடு தீப்போடுகிற போகுமிலின் மகள் யாத்விகாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். அந்த வருஷம் வோட்கா கூப்பனுக்குத்தான் கிடைத்தது. அது பாட்டுக்காரர்களுக்கே காணாது. மாப்பிள்ளை வீட்டாரைக் காய்ந்த தொண்டையோடு அனுப்பினால் ஆயுசுக்கும் யாத்விகாவைக் குத்திக் காட்டுவார்கள். அதனால் போகுமில் சூளைக்குப் பின்னால் அண்டா ஏற்றிச் சரக்கு காய்ச்சினான். கேட்டில் நிற்கிற வாட்செக்கிடம் சொல்லி வைத்தான்: "போலீஸ் தலை தெரிஞ்சா, 'கிளினா வருது'ன்னு கத்துடா. கேக்கறவனுக்கு மண்ணுன்னுதான் தோணும்."

பிரமாதமான யோசனை. சூளைக்குப் பொழுதன்னைக்கும் வருவதே கிளினாதான் என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. மண் வண்டி வரும்போதெல்லாம் வாட்செக் பழக்கத்தில் கத்தினான். ஒவ்வொரு தடவையும் போகுமில் அண்டாவைச் சாக்கால் மூடி, சந்தேகம் வராதிருக்க அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். மத்தியானத்துக்குள் பின்பக்கம் வெந்து அவனால் எங்கும் உட்கார முடியாமல் போயிற்று.

மழை பிடித்தது. மறுபடியும் குரல் வந்தது.

"அண்ணே, கிளினா வருது!"

இதுவும் மண் வண்டிதான் என்று போகுமில் அசையவில்லை. "ஈரமாடா?"

"சொட்டச் சொட்ட!"

"கொழுப்பு இருக்கா?"

வாட்செக் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். "கொழுப்புக்கு என்னண்ணே குறைச்சல்!"

"அப்ப குழியில தள்ளி மிதிங்கடா!"

"மிதிக்கவா?"

"பின்ன, தாலாட்டா பாடுவே? ஏறி மிதிச்சாத்தான் பதத்துக்கு வரும்!"

"அண்ணே... அது சைக்கிள்ல வந்திருக்கு."

"கிளினா எங்கடா சைக்கிள்ல..." என்று திரும்பினான். மழை சொட்டும் தொப்பியோடு சார்ஜென்ட் பிலார்ஸ்கி நின்றார். போகுமில் அண்டாவைக் காலால் எத்தினான். அத்தனையும் மண் குழிக்குள் போயிற்று. எங்கள் நெஞ்சும் கூடவே போயிற்று.

"என்னை மிதிக்கிறது இருக்கட்டும்," என்றார் பிலார்ஸ்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதை ஏன்யா கொட்டினே?"

"எதையுங்க ஐயா?"

"நான் செங்கல் கேக்க வந்தேன். வீட்டு அடுப்பு இடிஞ்சு கெடக்கு. பொண்டாட்டி நாலு நாளா பச்சை முட்டைக்கோஸ் போடறா."

போகுமில் குழி ஓரத்தில் உட்காரப் போனான், முடியாமல் எழுந்தான். "சனிக்கிழமை எம் பொண்ணு கல்யாணம் ஐயா. இனி மாப்பிள்ளை வீட்டுக்குக் குழித் தண்ணியத்தான் ஊத்தணும்."

பிலார்ஸ்கி குழியைப் பார்த்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. "செங்கல்லை ராத்திரிக்கு முன்னால வீட்டுல இறக்கிடு," என்றார். "போன மாசம் ஆத்தங்கரையில எவனோ விட்டுட்டு ஓடின சரக்கு ஸ்டேஷன்ல இருக்கு. நல்ல பேரிக்காய் சரக்கு. தேடி எவனும் வரல."

சனிக்கிழமை பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா ஒனுஃப்ரிக்குப் பக்கத்தில் பிலார்ஸ்கி உட்கார்ந்து அந்தப் பேரிக்காய் சரக்கைத் தானே ஊற்றிக் கொடுத்தார். ஒனுஃப்ரி ஒரு மடக்குக் குடித்தான். முகம் சுண்டிவிட்டது. மோந்து பார்த்தான். இன்னொரு மடக்குக் குடித்தான். ஆத்தங்கரையில் தன் கையால் காய்ச்சியது தெரியாமல் போகுமா?

"என்ன சம்பந்தி, எப்படி இருக்கு?" என்றான் போகுமில், பெருமையாக.

ஒனுஃப்ரி பக்கத்தில் இருந்த போலீஸ் தொப்பியைப் பார்த்தான். "கசக்குது," என்றான்.

எங்கள் கல்யாணத்தில் அப்படி ஒருவன் சொன்னால் பொண்ணும் மாப்பிள்ளையும் முத்தம் கொடுத்து இனிப்பாக்க வேண்டும். பந்தியே எழுந்து "கசக்குது! கசக்குது!" என்று கத்தியது. யாத்விகா மாப்பிள்ளையை இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள்.

ஒனுஃப்ரி கிளாஸை மறுபடி நீட்டினான். தன் சரக்கை ஊரான் குடிப்பதற்குள் முடிந்தவரை தானே குடித்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டான்.