அக்தோஷ் விழுங்கிய எலும்பு

நான் ஈயம் ஊற்றி வைத்த எலும்பை என் நாய் விழுங்கிவிட்டது. சரியாகச் சொன்னால் அது என் நாய் இல்லை. சனிக்கிழமைகளில் மட்டும் என் நாய். விவாகரத்தானபோது என் மனைவி சல்கினை சோபாவை எடுத்துக்கொண்டாள், ஃபிரிட்ஜை எனக்கு விட்டாள், நாய் அக்தோஷை வாரத்துக்கு ஒரு நாள் அனுப்பிவைப்பதாகச் சொன்னாள். மூன்று வருடமாக என் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. மற்ற ஆறு நாட்கள் காலண்டரில் இருக்கின்றன.

எங்கள் குடியிருப்பின் முற்றத்தில், ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் கூடி சூகோ ஆடுவோம். ஆட்டின் பின்னங்கால் மூட்டெலும்புகளை வட்டத்துக்குள் வைத்து, இன்னொரு எலும்பால் அடித்து வெளியே தள்ள வேண்டும். அடிக்கிற எலும்பு கனமாக இருந்தால் நல்லது. அதனால் துளை போட்டு, ஈயம் காய்ச்சி ஊற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பளபளப்பும் வேண்டும் என்று ஆட்டு வால் கொழுப்பைத் தேய்த்து, சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு டீ போடப் போனேன். நாய் இருக்கிற வீட்டில் எலும்புக்குக் கொழுப்புத் தடவி வைக்க ஒரு தனி மூளை வேண்டும். அது என்னிடம் இருக்கிறது.

திரும்பி வந்தபோது சன்னல் விளிம்பு காலி. அக்தோஷ் உதட்டை நக்கிக்கொண்டிருந்தான்.

பிராணிகள் மருத்துவமனையில் டாக்டர் உல்கான் எக்ஸ்ரேயை விளக்கின்மேல் வைத்துப் பார்த்தாள். என் மகள் வயதிருக்கும்.

"வெறும் எலும்புன்னா இவ்ளோ வெள்ளையா தெரியாதே. உள்ள என்ன?"

"ஈயம்."

"எலும்புக்குள்ள ஈயம் எப்படிப் போச்சு?"

"நான்தான் ஊத்தினேன். ஆட்டத்துல ஜெயிக்க."

"ஜெயிச்சீங்களா?"

"இன்னும் ஆடவே இல்லம்மா."

அவள் சிரிக்கவில்லை. "வயித்துல இருக்கற அமிலத்துல ஈயம் கரைஞ்சு ரத்தத்துல கலந்தா ஆபத்து. தானா வரட்டும்னு காத்திருக்க முடியாது, அண்ணே. முதல்ல மயக்கம் குடுத்து, வாய் வழியா கேமரா குழாய் விட்டு, கம்பிச் சுருக்கு மாட்டி இழுத்துப் பாக்கறோம். கத்தியே வேணாம். குடலுக்கு நழுவிட்டா, வயித்துல ரெண்டு மூணு சின்னத் துளை போட்டு எடுக்கப் பாப்போம். அதுவும் முடியலன்னாதான் வயித்தைக் கிழிக்கணும்."

"பொழைச்சுக்குவானா?"

"ஒன்பது வயசு. மயக்க மருந்தைத் தாங்கணும். பாக்கலாம்." காகிதத்தைப் புரட்டினாள். "நாய் சல்கினைங்கறவங்க பேர்ல இருக்கே. உங்க மனைவியா?"

"முன்னாள்."

"எந்நாளா இருந்தாலும் கையெழுத்து அவங்கதான் போடணும். சீக்கிரம் வரச் சொல்லுங்க."

சல்கினை ரொட்டிக்கடையிலிருந்து நேராக வந்தாள். முழங்கை வரை மாவு.

"எதை முழுங்கினான்?"

"சூகோ."

"அவ்ளோதானா? அது வெளிய வந்துடுமே."

"ஈயம் ஊத்தின சூகோ."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் கேட்டுப் பழகிய சத்தம். அந்த நேரத்தில் அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவள், "பேனா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இரண்டு பேரும் நின்றோம். மேசையில் அக்தோஷ் நீளமாகக் கிடந்தான், நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் பிடுங்கும் முன் ஈறில் ஊசி போடுவார்களே, அதை உடம்பு முழுக்கப் போட்டது மாதிரி. வாய் மட்டும் அதன்பாட்டுக்கு வேலை செய்தது.

"இவனாவது ஒழுங்கா தூங்கறான் பாரு," என்றேன்.

"வாயை மூடு."

திரையில் அவன் வயிற்றின் உட்பக்கம் தெரிந்தது. இளஞ்சிவப்பு மடிப்புகள், நடுவில் நான் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய எலும்பு. அங்கேயும் பளபளத்தது. கம்பிச் சுருக்கு அதைப் பிடித்தது, கொஞ்சம் தூக்கியது. எலும்பு வழுக்கி விழுந்தது. மறுபடி பிடித்தார்கள். மறுபடி வழுக்கியது. கொழுப்பும் நான் தேய்த்ததுதான், கனமும் நான் ஊற்றியதுதான்.

கதவைத் திறந்துவிட்டேன். "டாக்டரம்மா, நுனியில மாட்டாதீங்க. அதுக்கு நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கின இடம் இருக்கும். அங்க போட்டு இறுக்குங்க."

"வெளிய நில்லுங்க அண்ணே," என்றாள், திரும்பாமல். ஆனால் சுருக்கை நடுவில்தான் இறக்கினாள்.

மெதுவாக வந்தது. தொண்டையில் ஒரு இடத்தில் நின்றது. சல்கினை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருடைய சட்டை என்று அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு தட்டில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"வயித்துல புண் இல்ல," என்றாள் டாக்டர் உல்கான், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "இன்னும் ரெண்டு நாள் கழிச்சு ரத்தம் பாப்போம். இப்போதைக்கு நல்லா இருக்கான். எலும்பு வேணுமா?"

"வேணாம்மா. ராசியில்லாத எலும்பு."

அக்தோஷ் விழித்து, எழுந்து நிற்கப் பார்த்து, பின்னங்கால்கள் தனித்தனியே போக, உட்கார்ந்துவிட்டான். சல்கினை தரையில் உட்கார்ந்து அவன் காதைத் தடவினாள். நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இவன் நிற்கப் பார்க்கிற விதம் நம் கல்யாணத்தன்று குடித்துவிட்டு நான் நின்றது மாதிரியே இருக்கிறது என்றேன். "அன்னிக்கு உன்னைத் தூக்கிட்டுப் போக நாலு பேர் வேண்டியிருந்துச்சு," என்றாள்.

"சல்கினை, அடுத்த சனிக்கிழமை வருவானா?"

"அடுத்த வாரம் பனி கொட்டும்னாங்க."

"ரத்தம் நல்லா இருந்தா?"

"முதல்ல இவன் எழுந்து நிக்கட்டும்."

வாயில் இன்னொரு வேடிக்கை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"பனியை விடு. வருவானா, வரமாட்டானா? அதை மட்டும் சொல்லு."

அவள் நாயின் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வரமாட்டான், முகாஷ். இனிமே இவனை உன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். பாக்கணும்னா சனிக்கிழமை நீ என் வீட்டுக்கு வா."