ஐரிஷ்தான் சார்

அப்பாவின் கழுத்தில் டையைக் கட்டி முடிச்சை இறுக்கும்போது ஞானஜோதியின் விரல் அவர் தாடையில் பட்டது. ஜில்லென்றிருந்தது. தாம்பரத்தில் விமானப்படை ஆபீசர்ஸ் மெஸ் பாரில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் ஏசுதாசன். டை இல்லாமல் அவரைப் பெட்டியில் வைக்க அம்மா ரத்தினபாய் சம்மதிக்கவில்லை.

வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "மாரடைப்புங்க. தூக்கத்துலயே போயிட்டார்."

பதினொரு மணிக்கு ஸ்ரீநிவாசராகவன் வந்தார். மெஸ்ஸில் அப்பா விஸ்கி ஊற்றிக் கொடுத்த பழைய ஆபீசர்களில் ஒருவர். மாலையை வைத்துவிட்டு ஞானஜோதியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்கப்பா மாதிரி விஸ்கி தெரிஞ்சவர் மெட்ராஸ்லயே கிடையாதும்மா. ஆனா ஒரு சொட்டு வாயில வைக்கமாட்டார். மோந்து பார்த்தே சொல்லிடுவார். ஸ்காட்ச்ல புகை வாசம் தூக்கும். ஐரிஷ் மூணு தரம் வடிச்சது, தொண்டையை உறுத்தாதும்பார். என் பொண்ணு கல்யாணப் பார்ட்டிக்கு எது வாங்கலாம்னு கேட்டேன். 'பெருமைக்குன்னா ஸ்காட்ச். குடிக்கன்னா ஐரிஷ்தான் சார்'னார்." சிரித்தார்.

"வாயில வச்சார் சார்," என்றாள் ஞானஜோதி. "நீங்கள்லாம் கிளாஸ்ல மிச்சம் வச்சதைக் குடிச்சிட்டுத்தான் தினம் வீட்டுக்கு வருவார். ரிட்டயரானப்புறம் அதுவும் இல்ல. போன வருஷம் மதுவிலக்குன்னு சாராயக் கடைங்களையும் மூடிட்டாங்க. கடைசியா என்ன குடிச்சார் தெரியுமா?"

ஸ்ரீநிவாசராகவன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"வார்னிஷ். பல்லாவரம் சந்தைக்குப் பின்னாடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாராயத்துக்குப் பதிலா விக்கறாங்க. நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு, 'ஜோதி, ஏன் இருட்டாருக்கு, லைட்டைப் போடு'ன்னார். போட்டேன். 'இன்னும் போடலியா'ன்னு கேட்டார்."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்த பாஸ்டர் நிமிர்ந்தார். அம்மா மட்டும் தலையைத் திருப்பவில்லை.

"இதைச் சொல்லத்தான் உன்னை டீச்சருக்குப் படிக்க வச்சாரா?" என்றாள் அம்மா.

ஸ்ரீநிவாசராகவன் எழுந்து வாசலுக்குப் போனார். பாஸ்டர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார்.

கல்லறைக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்டியை வெயிலில் தரையில் இறக்கி வைத்தார்கள். மின்சார ரயில் கடந்து போனதும் மூடியின்மேல் புழுதி படிந்தது. அம்மா குனிந்து முந்தானையால் துடைத்தாள். மறுபக்கத்தைத் துடைக்க ஞானஜோதி கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையை விலக்கிவிட்டு, சுற்றி வந்து தானே துடைத்தாள்.