கிழக்குக் கரைக்கான வயர்

கடகிரி புது வயரைச் செருகிய அன்று மாலை அவர் வீட்டில் மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை. ஃபுஜி ஆற்றின் கிழக்குக் கரையில், காகித ஆலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவின் தகரக் கூரைகள் எல்லாம் படபடத்துக்கொண்டிருக்க, அவர் கூரையில் மட்டும் துளிகள் பஞ்சின் மேல் விழுவதுபோல் விழுந்தன. தெருக்காரர்கள் குடையோடு வந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அது சுவரிலிருந்து அவர் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் இரண்டு மீட்டர் மின்சார வயர். விரல் தடிமன், நீலத் துணி உறை. அதற்காக அவர் மனைவி மிட்சுயோ அம்மாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆரஞ்சுத் தோட்டத்தை விற்றார்கள். எங்கள் ஆற்றுக்குக் கிழக்கே மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும், மேற்கே அறுபது. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பக்கத்தார் ஜெர்மனியிலும் மறுபக்கத்தார் அமெரிக்காவிலும் இயந்திரம் வாங்கியதால் வந்த வினை. வயர் கடைக்காரர் முரோய் இதை வைத்துத்தான் பிழைத்தார். "ஐம்பதுல அழுக்கு ஜாஸ்தி சார். மெதுவாத் துடிக்குதில்ல, தங்கிடும். இது கிழக்குக் கரைக்குன்னே செஞ்சது. இரைச்சல் மொத்தத்தையும் எடுத்துடும்."

உண்மையில் ஆம்ப்ளிஃபயர் முதல் வேலையாக அந்தத் துடிப்பைத் தட்டையாக்கி, துடிப்பே இல்லாத மின்சாரமாக மாற்றிக்கொள்கிறது. ஐம்பதா அறுபதா என்பது பாட்டுக்குத் தெரியவே தெரியாது. மேலும், மலை மின்நிலையத்திலிருந்து அத்தனை தூரம் சாதாரண அலுமினியக் கம்பியில், காக்கை உட்கார்ந்த கம்பியில் வந்த மின்சாரம், கடைசி இரண்டு மீட்டரில் எதைக் கழுவிக்கொள்ளும்? பள்ளியில் இயற்பியல் நடத்தும் யசுனோரி, மிட்சுயோவின் தம்பி, மீட்டர் கொண்டுவந்து அளந்தே காட்டினான்.

"அத்தான், இதுவும் அக்காவோட ரைஸ் குக்கர் வயரும் ஒண்ணுதான். ரெண்டும் செம்பு."

"உன் மீட்டருக்குக் காது இருக்காடா?" என்றார் கடகிரி.

பாட்டு பழையபடியே கேட்டது என்பதுதான் கொடுமை. மற்றவைதான் போயின. மழைக்குப் பிறகு ரயில் சத்தம் போயிற்று, ஆலைச் சங்கு போயிற்று, காய் நறுக்கும் சத்தம் போயிற்று. இலையுதிர் காலத்தில் ஒருநாள் மிட்சுயோ கதவருகே நின்று "சூப் ஆறுது" என்றார். உதடு மட்டும் அசைந்தது. வாசலுக்கு வெளியே வந்தால் குரல் இருந்தது, உள்ளே போனால் இல்லை. கடகிரி அன்று ஒலிக்கருவி ரசிகர் சங்கத்துப் பத்திரிகைக்கு எழுதினார்: இரைச்சல் முற்றாக ஒழிந்தது, பாட்டுக்குப் பின்னணி ஏறக்குறையக் கருப்பு.

"வயரை மாத்துடா, என் குரல் எனக்கு வேணும்" என்று மிட்சுயோ தெருவில் நின்று தம்பியிடம் சொன்னார். கடகிரி குளிக்கும் நேரத்தில் யசுனோரி நீல உறையை உருவி, ரைஸ் குக்கர் வயருக்கு மாட்டி, அதைச் செருகினான். கடகிரி வந்து உட்கார்ந்து வழக்கம்போல் கண்ணை மூடித் தலையசைத்தார். மழை வந்தது. சத்தம் வரவில்லை. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் வயர் இதையும்கூடச் செய்யவில்லை.

மிட்சுயோ உறையில்லாத அசல் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணவர் எதிரே நின்றார். இருபத்தெட்டு வருடத்தில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார். கடகிரி அவர் வாயைப் பார்க்கவில்லை, வயரைப் பார்த்தார். இன்னொன்று வாங்கி வந்திருக்கிறாள் என்று நினைத்துக் குனிந்து வணங்கி, இரண்டு கைகளாலும் வாங்கி, ரெக்கார்டு ப்ளேயருக்குப் போட்டார். அதோடு பாட்டும் நின்றது.

அந்த வாரமே மிட்சுயோ சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து மேற்கே குடிபோனார். அங்கே அவர் பேசினால் கேட்கிறது. மின்சாரத் துடிப்பை எண்ணி ஓடும் பழைய கடிகாரம் அது. அறுபதில் போட்டால் மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடும். "திருத்தித் தரட்டுமா அக்கா?" என்று யசுனோரி கேட்டான். "வேண்டாம், ஓடட்டும். எனக்கு வர வேண்டிய நேரம் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்றார்.

குளிர்காலத்தில் கடகிரி தன் சங்கத்து நண்பர்கள் நால்வரை அழைத்தார். சுழலும் ரெக்கார்டில் ஊசி இறங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும்போது பேசக்கூடாது என்பது சங்கத்தின் வழக்கம், யாரும் முதலில் சொல்லத் துணியவில்லை. இரண்டு பக்கமும் முடியும்வரை அசையாமல் இருந்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள்.

"பின்னணி என்ன கருப்பு பார்த்தீங்களா?"

"கருப்புன்னா அது கருப்பு. என் வீட்டுது வெறும் சாம்பல்."

வசந்தத்துக்குள் முரோய் அவர்கள் வீடுகளுக்கும் நாலு வயர் கொண்டுவந்து மாட்டினார். இப்போது எங்கள் பக்கத்தில் ஐந்து வீட்டுக் கூரைகளில் மழை சத்தமில்லாமல் பெய்கிறது. அந்த வீடுகளுக்கு நடுவே குடியிருப்பவர்கள், துணி காயப்போட்டிருந்தால், காதை நம்பாமல் அவ்வப்போது சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள்.