விலாசினியின் வாயில் ஓர் ஆணி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வரச் சொன்னார்கள், போனேன், மாட்டிக்கொண்டேன். கேரளத்துச் சாலக்குடிக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அத்தனை வருடமும் என் தலை சலூன்காரர் திவாகரேட்டன் கையில்தான் இருந்தது. அப்பேர்ப்பட்டவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் பயபக்தி வந்து, முதல் வரி இப்படி விழுந்து தொலைத்தது:

'ஆற்றில் வெள்ளம் வடிந்த ஒரு பொன்காலையில், தன் அறுபத்து நாலாவது வயதில், திவாகரனைக் கலை அழைத்தது. அவர் மெல்ல'

அடித்துவிட்டேன். கலை யாரையும் அழைக்கவில்லை. காலில் நரம்பு சுருண்டு வீங்கியது. இனிமேல் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். நாற்பத்தோரு வருடம் நின்ற சலூனை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த முதல் மாதம், டிவி பார்க்கும்போதுகூட அவருடைய வலது கை விரல்கள் காற்றை வெட்டிக்கொண்டே இருந்தன.

"அந்தக் கைக்கு ஏதாவது வேலை குடுங்க. பக்கத்துல உட்காரவே என் காதுக்குப் பயமா இருக்கு," என்றார் அவர் மனைவி விலாசினி.

விலாசினியின் தங்கை மகள் எர்ணாகுளத்தில் ஓவியம் படிக்கப் போய், மூன்றே மாதத்தில் படிப்பை மாற்றிக்கொண்டு, பேஸ்டல் பெட்டியை இவர்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். நாற்பத்தெட்டு நிறம். சாக்பீஸ் மாதிரி தூள் உதிர்கிற வகை. அதைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்ததே விலாசினிதான். பின்னால் அதை நினைத்து அவர் தலையில் அடித்துக்கொண்டதற்கு நான் சாட்சி.

2

இந்த இடத்தில் 'அவருக்குள் உறங்கிய கலைஞன்' என்று ஒரு பத்தி வரவேண்டும். எழுதியும் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது.

விஷயம் என்னவென்றால், சவரம் செய்த தாடையில் பச்சை இருக்கிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். காதுக்குப் பின்னால் எல்லோருக்கும் ஒரு சிவப்பு உண்டு என்பதும் தெரியும். மற்றவர்கள் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கிறதை அவர் சோப்பு நுரையை வழித்தே படித்திருந்தார். பழைய சலூன் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, நிறத்தின் மேல் நிறம் தீட்டி, சுண்டுவிரலால் தேய்த்துக் கலந்து, தூளை ஊதுவார்.

ஊதின தூள் எங்கே போகும்? முற்றத்தில் வெயிலுக்கு வைத்த பப்படத்தில் போய் உட்காரும். ஒரு மத்தியானம் இலையில் நீலப் பப்படம் விழுந்தது. அன்றைக்கு வந்தது பந்தயம்.

"யாரோ ஒருத்தர் மூஞ்சிய வரைங்க," என்றார் விலாசினி. "அந்த மூஞ்சிக்காரரைத் தவிர, வேற ஒரே ஒரு ஆள் பார்த்து இது இன்னார்னு சொல்லட்டும். அப்புறம் நான் வாயே திறக்கல. சொல்லலேன்னா பெட்டி பரணுக்குப் போகும்."

"ஒரு ஆள் என்ன, ஊரே சொல்லும்."

"ஊர் வேண்டாம். ஒரு ஆள் போதும்."

(இந்த நிபந்தனையைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், நாலாம் பகுதியை முழுசாகத் திருப்பி எழுதவேண்டி வந்தது.)

3

முகம் கொடுக்க வந்தவர் ஔசேப்பேட்டன், மரக்கடைக்காரர். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இளவயதில் வாலிபால் செய்த வேலை அது. சலூனிலிருந்து கொண்டுவந்த பெரிய கண்ணாடி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. திவாகரேட்டன் அதன் முன்னால் அவரை உட்காரவைத்தார். தான் அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து வரைய ஆரம்பித்தார். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவருக்கும் தோன்றவில்லை, ஔசேப்பேட்டனுக்கும் தோன்றவில்லை, கதை எழுதுகிற எனக்கும் தோன்றவில்லை. எங்கள் எல்லோருடைய முகத்தையும் அவர் அப்படித்தானே பார்த்துவந்தார்.

"கொஞ்சம் குனிங்க."

"படம் வரையறதுக்கு எதுக்கு குனியணும்?"

"பழக்கதோஷம். நிமிருங்க."

நாலு நாளில் படம் முடிந்தது. ஔசேப்பேட்டன் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நானேதான், திவாகரா," என்றார்.

மூஞ்சிக்காரர் சொன்னது செல்லாது. அவர் மனைவி கொச்சுத்திரேசியாவைக் கூப்பிட்டார்கள்.

"யாரு இது?"

"யாருன்னா? உன் புருஷன்," என்றார் ஔசேப்பேட்டன்.

"நீங்களா? உங்க சித்தப்பா ஒருத்தர் போலீஸ்ல இருந்தாரே, அவர் ஜாடை."

பால்காரர் பார்த்தார், தெரியவில்லை. மாதாகோயில் மணியடிக்கிறவர் பார்த்தார், தெரியவில்லை. என்னைக் கேட்டார்கள். "காது நல்லா வந்திருக்கு," என்று சொல்லி நழுவினேன்.  திவாகரேட்டன் பெட்டியை மூடி விலாசினியிடம் நீட்டினார்.

விலாசினி பெட்டியை ஒரு கையிலும் படத்தை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் கடந்து போனார். டீ குடித்துக்கொண்டிருந்த கொச்சுத்திரேசியா கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இந்த மனுஷன் இங்க பக்கத்துல உட்கார்ந்திருக்காரு. அங்க கண்ணாடியில எப்படி வந்தாரு?"

விலாசினி நின்றார். படத்தைக் கண்ணாடிக்குக் காட்டினார், தன் பக்கம் திருப்பினார், மறுபடி காட்டினார். கண்ணாடிக்குள் அச்சு அசலாக ஔசேப்பேட்டன். கையில் அவருடைய போலீஸ் சித்தப்பா.*

"அடப் பாவமே," என்றார். "நாப்பத்தொரு வருஷமா இந்த ஊர்ல ஒருத்தர் மூஞ்சியையும் நீங்க நேரா பார்த்ததே இல்ல. இடம் வலம் மாறின மூஞ்சிதான் உங்களுக்குத் தெரியும். அவரும் தன்னைக் கண்ணாடியில மட்டும்தான் பார்த்திருக்காரு. அதான் உங்க ரெண்டு பேருக்கும் பொருந்திப்போச்சு."

* நம்பாதவர்களுக்காக: உங்கள் கணவர் எந்தப் பக்கம் வகிடு எடுக்கிறார் என்று கொச்சுத்திரேசியாவை நான் தனியாகக் கேட்டேன். "நடுவுல," என்றார். நடுவில் இல்லை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம்.

4

கண்ணாடியில் அடையாளம் கண்டது பந்தயத்தில் சேருமா, சேராதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. இரண்டு பக்கம் எழுதி, வெட்டிவிட்டேன். முடிவில் விலாசினி ஒரு போர்வையை எடுத்துக் கண்ணாடியை மூடினார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னை வரைங்க. நேரா பார்த்து."

(இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. பரணைக் காட்டி மிரட்டின பெண் ஒன்பது நாள் சும்மா உட்காருவாரா? வாசகர் நம்பமாட்டாரே என்று அவரிடமே கேட்டேன். "உட்கார ஒரு சாக்கு கிடைச்சா எந்தப் பொம்பளை விடுவா, அண்ணாச்சி?" என்றார்.)

முதல் நாள் திவாகரேட்டன் ஒரு கோடுகூடப் போடவில்லை. ஊரிலுள்ள தாடைகளையெல்லாம் இரண்டு விரலால் திருப்பினவர், நடுவில் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்கள் தன்னையே பார்ப்பதைத் தாங்கமுடியாமல் தவித்தார்.

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் பாரேன்."

"பார்க்கமாட்டேன்."

மூன்றாம் நாள் கேட்டார்: "புருவத்துல என்ன தழும்பு?"

"கல்யாணமான வருஷம் தேங்காய் துருவியில விழுந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே நீங்கதான்."

அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். வெட்கமாக இருந்தது. என்னிடம் அப்படியே சொன்னார்: "வெட்கமா இருந்துச்சு, அண்ணாச்சி. எத்தனை பேர் மூஞ்சியில மயிரிழை மயிரிழையா பார்த்திருக்கேன்."

சிரிப்பை அடக்கும்போது விலாசினியின் வாய் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறும். ஒன்பதாம் நாள் அந்த ஓரம் தாளில் வந்து உட்கார்ந்தது. தபால்காரர் வாசலில் நின்றபடியே, "சேச்சி, உங்களை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு," என்றார். கொச்சுத்திரேசியாவும் சொன்னார். நானும் சொன்னேன், இந்த முறை நழுவாமல்.

விலாசினி வெகுநேரம் பார்த்தார். "இது நான் இல்ல," என்றார். "என் வாய் இந்தப் பக்கமா ஏறும்? அந்தப் பக்கம்ல."

"விடுங்க, பந்தயம் ஜெயிச்சாச்சு. பெட்டி இனிமே பரணுக்குப் போகாது," என்றேன் நான்.

"பந்தயம் கிடக்கட்டும். ஊரே சொல்லி என்ன பண்ண? இவ சொல்லணும்," என்றார் திவாகரேட்டன்.

5

முடிவு ஒன்று: விலாசினி கண்ணீர் மல்க, 'ஆமாம், இது நான்தான்' என்கிறார். (எழுதியதைப் படித்துக் காட்டினேன். "நான் எப்போ அழுதேன்?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: மனமுடைந்த திவாகரேட்டன் பெட்டியை ஆற்றில் எறிகிறார். ("நாப்பத்தெட்டு நிறத்தையா? உங்களுக்கென்ன கிறுக்கா?" என்றார் அவர். இதையும் எடுத்துவிட்டேன். போகிற போக்கில், தழும்பு எந்தப் புருவம் என்று கதையில் இல்லையே என்றும் குறை சொன்னார். வேண்டுமென்றுதான் விட்டேன். எதிரில் நின்று தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார் அவர். அது விலாசினிக்கு இடமா வலமா என்று நான் எப்படிக் கண்டேன்?)

முடிவு மூன்று இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை. படத்துக்குச் சட்டம் போட்டு வந்தாயிற்று. போர்வையை எடுத்துவிட்ட கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டுவதாகத் திட்டம். கால் வலிக்காரர் ஏறக்கூடாது என்று விலாசினியே ஸ்டூலில் ஏறியிருக்கிறார். கையில் சுத்தியல், வாயில் ஆணி. நான் ஸ்டூலைப் பிடித்திருக்கிறேன். படத்தை எடுத்துத் தருவதற்காகத் திவாகரேட்டன் அவருக்குப் பின்னால் வந்து நின்றார்.

விலாசினி தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவர் முகம். அதற்குப் பின்னால் படத்திலிருக்கும் முகம். இரண்டும் இப்போது ஒரே பக்கம் திரும்பியிருந்தன. படத்தில் எந்த ஓரம் ஏறியிருக்கிறதோ, அதே ஓரத்தில் ஆணி.

சுத்தியல் அப்படியே நின்றது.

திவாகரேட்டன் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். படத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, விலாசினியின் தலைக்குப் பின்னால் லேசாகச் சாய்த்துப் பிடித்தார். முடி வெட்டி முடித்ததும் பின்தலையைக் காட்டச் சின்னக் கண்ணாடியை இதே மாதிரி பிடித்து, எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுவந்த அதே கேள்வியைக் கேட்டார்:

"சரியா இருக்கா?"

நாங்கள் யாரும் ஒருநாளும் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்னதில்லை. பின்தலை எப்படி இருந்தால் எங்களுக்கு என்ன? விலாசினி அப்படி இல்லை. இவர் பார்த்துத்தான் சொல்வார்.

வாயின் அந்த ஓரம் ஆணியோடு சேர்ந்து மேலே ஏறுகிறது. ஏதோ சொல்ல வருகிறார், ஆணி விடவில்லை. நான் கையை எடுத்தால் ஸ்டூல் ஆடும், திவாகரேட்டன் கையை எடுத்தால் படம் விழும். இவ்வளவு நேரம் சும்மாதானே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஆணியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.